பதிவேட்டில் ஒரு பெயர்

மருத்துவமனைக்குள் நுழையும் எவருக்கும் அங்கே இருப்பவர்களை அழைக்க ஒரு சொல் கைவசம் இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்தவர் டாக்டர். செவிலியர் எல்லோரும் சிஸ்டர். மருந்து கொடுப்பவர் மருந்துக்காரர். எங்களுக்கு மட்டும் அப்படி ஒரு சொல் அமையவில்லை. "எக்ஸ்ரேக்காரரக் கூப்புடுங்க" என்பார்கள். கொஞ்சம் இளகியவர்கள் "எக்ஸ்ரே தம்பி" என்பார்கள். எங்கள் பக்கத்து ஆத்தாக்களுக்கு நாங்கள் "படம் புடிக்கிற கண்ணு". கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்குப் பிடித்தமானது. ஆனால் ஒரு தொழிலுக்கு என்ன பெயர் என்பது பிரியம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல. அந்தப் பெயர் அரசாங்கத்தின் ஏட்டில் ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் அதனால் யாருக்கு என்ன பயன், ஏறாத நாட்களில் என்னவெல்லாம் நடந்தது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று நெடுநாட்களாக எண்ணியிருந்தோம்.

'நாங்கள்' என்று எழுதுவதற்கான காரணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2000-களின் நடுப்பகுதியில் கோவையில் ஒன்றாகக் கதிரியல் தொழில்நுட்பம் படித்து, இன்று பெருந்துறையிலும் பொள்ளாச்சியிலும் துபாயிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்கும் ஒரு சிறிய வகுப்பின் பொதுக்குரல் இது. வகுப்பில் ஒருவரையொருவர் ஊர்ப்பெயராலேயே அழைத்துக்கொண்டோம். சோமனூர்க்காரன் வீட்டில் நான்கு விசைத்தறிகள், கூலிக்கு நெசவு. காங்கேயத்தான் வீட்டில் மேட்டுக்காடும் ஒரு பட்டி ஆடுகளும். தாராபுரத்தாளின் அப்பா லாரி ஓட்டுநர். வால்பாறைக்காரி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஏறக்குறைய எல்லோருமே தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். எங்கள் வீடுகளில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் பெரும்பாலும் நாங்கள்தான்.

மருத்துவக் கல்லூரிக்கான கட்-ஆஃப் எட்டாத உயரத்தில் இருந்தது. செவிலியர் படிப்புக்குச் செலவு அதிகம். அப்போதுதான் யாரோ ஒருவர், பெரும்பாலும் மருத்துவமனையில் வேலை செய்யும் ஓர் உறவினர், இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லியிருப்பார். காங்கேயத்தானின் அப்புச்சி அவனிடம் கேட்டாராம்:

"டாக்டருக்கா சாமி படிக்கப் போறே?"

"இல்லீங்க அப்புச்சி, எக்ஸ்ரேவுக்குங்க."

"அதுக்குமா படிப்பு இருக்குது? பொத்தான அமுக்குனா ஆச்சு!"

இந்தக் கேள்வியை ஏளனமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாட்டின் சட்டமே வெகுகாலம் வரை ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான் இருந்தது.

பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் முதலாண்டுப் பாடம். குழாய்க்குள் ஒரு மின்னிழை சூடேறி எலக்ட்ரான்களை உமிழ்கிறது. பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் அவற்றை இழுத்துச் சென்று சுழலும் டங்ஸ்டன் தட்டின் மீது மோதவைக்கிறது. அந்த மோதலின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு கூட எக்ஸ் கதிராவதில்லை. மீதியெல்லாம் வெப்பம். அதனால்தான் 3400 பாகை செல்சியஸ் வரை உருகாத உலோகம் வேண்டியிருக்கிறது, தட்டு சுழல வேண்டியிருக்கிறது. கிலோவோல்ட்டைக் கூட்டினால் கதிரின் ஊடுருவும் வலிமை கூடும். மில்லி ஆம்பியர்-நொடியைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும். ஒரு விரலுக்கும் ஒரு பருத்த இடுப்புக்கும் இந்த இரண்டு எண்களும் வேறு வேறு. தப்பாகத் தேர்ந்தால் படம் கறுத்துப் போகும் அல்லது வெளுத்துப் போகும். திரும்ப எடுத்தால் அந்த உடம்பு இரண்டாம் முறை கதிரை வாங்கிக்கொள்ளும். ஆக, பொத்தானை அமுக்குவதற்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் எங்கள் தொழில் முழுவதும் இருக்கிறது.

இரண்டாவது பாடம் நிறுத்துவது. நெஞ்சுப் படம் என்றால் நோயாளி எங்களுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், குழாய் 180 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதயம் நெஞ்சின் முன்பக்கத்தில் இருக்கிறது. அது படத்தகட்டோடு நெருங்கி இருந்தால்தான் நிழல் பெருத்துத் தெரியாது. கைகளை இடுப்பில் ஊன்றி முழங்கைகளை முன்னால் தள்ளச் சொல்வோம். அப்போதுதான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேலிருந்து விலகும். இவை எல்லாம் 1939-இல் முதற்பதிப்பு கண்ட கிளார்க்கின் ஆங்கில நூலில் படங்களோடு இருந்தன. எங்களுக்கு மலையாக நின்றது அந்த ஆங்கிலம். மணிக்கட்டில் 'ஸ்கேஃபாய்டு' என்ற சின்ன எலும்பின் பெயரை நாக்கில் ஏற்றவே ஒரு வாரம் பிடித்தது. அந்தச் சொல்லின் கிரேக்க வேர் படகு என்று பிற்பாடுதான் தெரிந்தது. படகெலும்பு என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அதன் வடிவமும் அன்றே மனத்தில் தங்கியிருக்கும். 206 எலும்புகளையும் இப்படி அயல்மொழியில் மனனம் செய்துவிட்டு, மறுநாள் நோயாளியிடம் "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, ம், விடுங்க" என்று தமிழில் பேசினோம். வாழ்நாளில் நாங்கள் அதிகம் உச்சரித்த வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வில்ஹெல்ம் ரோன்ட்கன் 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இந்தக் கதிரைக் கண்டுகொண்டார். டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பில் மோதிரம் கறுப்பு வளையமாகத் தொங்கும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. எங்கள் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்ததும் வால்பாறைக்காரி கேட்டாள், "மோதிரத்தக் கழட்டச் சொல்ல ஆள் இல்லையா சார்?" வகுப்பே சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்கள் வேலையின் பாதி அதுதான். உலோகம் நிழலை மறைக்கும். அதைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

கொங்கு நாட்டில் ஒரு பெண்ணிடம் தாலியைக் கழற்றச் சொல்வது எளிதான காரியமல்ல. கழுத்தெலும்புப் படத்துக்கும் நெஞ்சுப் படத்துக்கும் அது குறுக்கே வரும். ஆங்கில நூலில் 'நகைகளை அகற்றவும்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இங்கே அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பமே நிற்கும். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கணவனுக்கே உடம்பு சரியில்லாத நேரமாக இருக்கலாம். சிலர் அழுதுவிடுவார்கள். "கழட்ட வேண்டாங்க அம்மிணி, கொடிய மேல தூக்கித் தாடைக்கு மேல புடிச்சுக்கங்க, அது போதும்" என்று சொல்லி எடுக்கத் தெரிந்தவர்களும் உண்டு. மஞ்சள் கயிற்றை வைத்திருந்து, "இதக் கட்டிக்கிட்டு அதக் கழட்டுங்க" என்று சொன்ன மூத்த பெண் தொழில்நுட்பர் ஒருவரையும் பார்த்தோம். காந்த அதிர்வு ஸ்கேனுக்கு இந்தச் சமாதானம் எல்லாம் செல்லாது. அங்கே இரும்பு கலந்த எதுவும் உள்ளே போகக் கூடாது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் நுழைந்த ஓர் இளைஞர் காந்த இழுப்பில் சிக்கி உயிரிழந்தார். எந்த அறையில் இணங்கலாம், எந்த அறையில் இணங்கக் கூடாது என்பது தெரிந்திருப்பதைத்தான் பயிற்சி என்கிறோம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்றுப் படம் என்றால், கர்ப்பமாக இருக்கக்கூடுமா என்று கேட்டே ஆக வேண்டும். புதிதாக மணமான பெண்ணிடம், அவளுடைய மாமனார் பக்கத்தில் நிற்கும்போது, மீசை அரும்பிய ஒரு பையன் "தூரமாகி எத்தன நாளாச்சுங்க?" என்று எப்படிக் கேட்பான்? துணைக்கு வந்தவர்களை முதலில் வெளியே நிற்கவைக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல், ஆனால் பதில் வரும் வரை விடாமல் கேட்க வேண்டும். தாராபுரத்தாள் இதில் தேர்ந்தவள். திருமணமாகாத பெண் ஒருத்தி அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னதும், அந்தப் படம் எடுக்கப்படாமலே மருத்துவரிடம் சீட்டு திரும்பிப் போனதும், வீட்டாருக்கு எந்தச் சந்தேகமும் எழாதபடி அவள் அதைச் செய்து முடித்ததும் எங்களுக்குத் தெரியும். இதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

ஊரை நாங்கள் எலும்புகளின் வழியாகவும் அறிந்துகொண்டோம். ஸ்டேன்ஸ் மில் 1888-இல் தொடங்கியதிலிருந்து கோவை நூற்பாலைகளின் ஊர். பஞ்சுத் தூசியில் இருபது முப்பது ஆண்டுகள் நின்றவர்கள் வருவார்கள். வார விடுமுறை கழிந்து வேலைக்குப் போன முதல் நாளில் நெஞ்சு இறுகும் என்பார்கள். படம் எடுத்தால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பஞ்சுத் தூசி நோய்க்கென்று படத்தில் தனி அடையாளம் கிடையாது. "படத்துல ஒண்ணுமில்லீங்களா, அப்பறம் ஏனுங்க மூச்சு வாங்குது?" என்று கேட்ட பெரியவருக்கு, படத்தில் தெரியாத நோயும் உண்டு, மூச்சை அளக்கும் பரிசோதனையைக் கேளுங்கள் என்று சொல்ல நாங்கள் மெல்லக் கற்றோம். வார்ப்பட ஆலைக்காரர்களின் கதை வேறு. மணல் தூசி நுரையீரலின் மேற்பகுதியில் சிறு சிறு புள்ளிகளாகப் படிந்திருக்கும். அதைக் காசநோய் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை மரமேறிகள் குதிகால் வலி என்று வருவார்கள். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவருக்குக் குதிகாலோடு இடுப்பு முதுகெலும்பும் நொறுங்கியிருக்கலாம். சீட்டில் எழுதாத படத்தை நாங்களாக எடுக்க முடியாது. ஆனால் "இடுப்புல வலி இருக்குங்களா?" என்று கேட்டு, இருக்கிறது என்றால் மருத்துவரிடம் ஓடிச் சொல்ல முடியும். தொழில்நுட்பருக்கும் பொத்தான் அமுக்குபவருக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று எங்களைக் கேட்டால், அந்த ஓட்டம் என்போம்.

இதையெல்லாம் எங்களுக்குக் கற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் எந்தச் சான்றிதழும் இல்லாதவர். அவரை அண்ணன் என்றுதான் அழைத்தோம். எழுபதுகளில் வார்டு உதவியாளாக வேலைக்குச் சேர்ந்து, இருட்டறையில் படம் கழுவக் கற்று, பிறகு கருவியருகே வந்தவர். நகங்கள் மருந்துக் கறை ஏறிப் பழுப்பாக இருக்கும். நோயாளி நடந்து வரும்போதே உடம்பின் கனத்தைக் கண்ணால் அளந்து எண்களைத் திருகி வைத்துவிடுவார். அவர் எடுத்த படம் இரண்டாம் முறை எடுக்கப்பட்டதை நாங்கள் கண்டதில்லை. கையொடிந்த குழந்தையைப் படுக்க வைக்கும்போது, "சாமி, இந்தப் பொட்டிக்குள்ள ஒரு குருவி இருக்குது, சத்தங் கேக்குதா பாரு" என்பார். குழந்தை காது கொடுத்து அசையாமல் கிடக்கும். அந்த நொடியில் படம் முடிந்திருக்கும்.

இருட்டறையைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கின் மங்கலில் டெவலப்பரில் முக்கி எடுக்கும்போது வெற்றுத் தகட்டில் ஒருவரின் விலா எலும்புகள் எழுந்து வரும். கழுவி முடித்த ஃபிக்சரை வீணாக்க மாட்டார்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. பழைய படங்களையும் சேர்த்து வாங்கிப் போக ஆள் வருவார். அந்த வெள்ளி எங்கே போகும் என்று கேட்டால் அண்ணன், "சேலத்துல யாரு கால்லயோ கொலுசாயிருக்கும்" என்பார்.

கருவிகளுக்கான விதிகள் இறுகத் தொடங்கிய ஆண்டுகளில் எங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் அனுமதி பெற வேண்டும். 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ், 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட வாரியம் அது. 2004-இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. கருவியை இயக்குபவர் உரிய படிப்புப் படித்திருக்க வேண்டும். அண்ணன் வேலை செய்த மருத்துவமனையின் விண்ணப்பத்தில் தகுதியுள்ளவர் என்ற இடத்தில் எங்களில் ஒருத்தியின் பெயர் எழுதப்பட்டது. அண்ணன் 'இருட்டறை உதவியாளர்' ஆனார். இரண்டே ஆண்டுகளில் கணினிப் படத்தகடு வந்து இருட்டறையே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அவர் சக்கர நாற்காலி தள்ளினார். படமெடுக்கும் அறையின் கதவோரம் நின்று, நாங்கள் நோயாளியை நிறுத்துவதைப் பார்த்து, தோள் சாய்ந்திருந்தால் தன் தோளை அசைத்துக் காட்டுவார். ஒரு சொல் பேசமாட்டார். விதி சரியானது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அண்ணன் ஒருவருக்குக் கை வாய்த்தது. வாய்க்காத பலர் அதே வேலையைப் பல ஊர்களில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் கதிர் வாங்கியவர்களுக்கு அது தெரியாது. ஆயினும் சரியான ஒரு விதியும் ஒரு மனிதனை நாற்காலி தள்ளவைக்கும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தோம். அவருக்கு ஒரு தேர்வு வைத்து, கைத்திறனைச் சோதித்து, ஒரு தாள் கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

சான்றிதழ் பெற்றதும் எங்களுக்குக் கிடைத்த இன்னொரு பொருள் சட்டைப்பையில் மாட்டும் ஒரு சிறு வில்லை. டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள். உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் தகடுகள் மூன்று இருக்கும். வாங்கிய கதிரை அவை தமக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஆய்வகத்தில் சூடேற்றுவார்கள். தேங்கிய ஆற்றல் ஒளியாக வெளிப்படும். அந்த ஒளியின் அளவே நம் உடம்பு வாங்கிய கதிரின் அளவு. ஈயக் கவசம் அணியும்போது இதைக் கவசத்துக்கு உள்ளே மார்பில் மாட்ட வேண்டும். இந்திய விதிப்படி கதிர்த் தொழிலாளி ஒருவர் ஐந்தாண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பூமியில் சும்மா வாழ்வதற்கே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஒரு நெஞ்சுப் படம் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஒழுங்காக வேலை செய்தால் இது அஞ்ச வேண்டிய தொழிலே அல்ல. நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவே தடுப்பை வை என்ற மூன்றே விதிகள். தூரம் இரு மடங்கானால் கதிர் கால் பங்காகிவிடும்.

ஒழுங்காக வேலை செய்தால் என்று சொன்னோம். படிப்பு முடிந்து எங்களில் மூவர் வேலைக்குச் சேர்ந்த ஒரு ஸ்கேன் மையத்தில் வில்லைகள் எங்கள் சட்டையில் இல்லை, முதலாளியின் மேசை இழுப்பறையில் இருந்தன. காலாண்டுக்கு ஒருமுறை அங்கிருந்தே அஞ்சலில் போகும், அங்கேயே திரும்பி வரும். அறிக்கையில் எப்போதும் பூஜ்யம். கேட்டால், "தொலஞ்சு போயிருச்சுன்னா யாருங்க காசு கட்டறது?" என்பார்கள். தாராபுரத்தாள் கருவுற்றபோது அதை எழுதிக் கொடுத்தாள். விதியின்படி கருவுற்ற பெண் ஊழியர் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் மீதிக் கர்ப்ப காலத்தில் வயிற்றிலுள்ள சிசு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்காதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். அவள் கேட்டது இரண்டுதான். வில்லை என் சட்டையில் இருக்க வேண்டும், போர்ட்டபிள் கருவியோடு வார்டுக்கு அனுப்பக் கூடாது. "பிள்ளையப் பெத்துட்டு வாம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடம் முறையிடுவது? மருத்துவருக்கு மருத்துவ மன்றம் இருந்தது. செவிலியருக்கு நர்சிங் கவுன்சில் இருந்தது. எங்களுக்கென்று ஒரு கதவு இல்லை. கருவிக்கு ஒரு எண் இருந்தது, அதன் உரிமம் சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. அதன் கீழே நின்ற பெண்ணுக்கு எண் இல்லை.

இது எங்கள் மனத்தாங்கல் மட்டுமல்ல, சட்டப் புத்தகத்தின் கணக்கும் அதுவே. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. மருந்தாளுநர் சட்டமும் பல் மருத்துவர் சட்டமும் 1948-இல் வந்தன. எங்கள் மாநிலத்தில் பழைமை இல்லாமலும் இல்லை. சென்னையில் பர்னார்டு கதிரியல் கழகம் 1934-இலேயே திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே கதிரியல் உதவியாளர்கள் பயிற்சி பெற்றார்கள். இருந்தும் எங்களைப் போன்றோருக்கான தேசியச் சட்டம் வர 2021 ஆயிற்று. தேசியத் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பத்து வகைத் தொழில்களை அது அடையாளம் காண்கிறது. மருத்துவக் கதிரியல், படிமவியல், சிகிச்சைத் தொழில்நுட்பம் அவற்றுள் ஒன்று. துணைநிலைத் தொழிலராகப் பதிவு பெற இரண்டாயிரம் மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும். மத்தியில் ஒரு பதிவேடும் மாநிலந்தோறும் ஒரு பதிவேடும் இருக்க வேண்டும். சட்டம் வந்ததுமே எல்லாம் வந்துவிடவில்லை. மன்றங்களை அமைக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது.

அந்த இடைக்காலத்தின் விலையை அயல்நாடு சென்றவர்கள் அறிவார்கள். சோமனூர்க்காரன் லண்டனுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் நாட்டில் உங்கள் தொழிற்பதிவு எண் என்ன? அவன் பல்கலைக்கழகச் சான்றிதழை வைத்தான், அனுபவக் கடிதங்களை வைத்தான், கேள்விக்கான பதிலை மட்டும் வைக்க முடியவில்லை. எங்கள் நாட்டில் அப்படி ஒரு பதிவேடு இல்லை என்று விளக்கிக் கடிதம் எழுதி, பல மாதங்கள் காத்திருந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தான். அமெரிக்காவில் கதிரியல் தொழில்நுட்பர்களின் பதிவகம் 1922-இலேயே தொடங்கிவிட்டது. அங்கே தேர்வெழுதிச் சான்று பெறுவது ஒன்று, மாநிலம் தரும் உரிமம் இன்னொன்று. சான்று பெற்றவரும் ஈராண்டுக்கு ஒருமுறை 24 மணி அளவில் தொடர்கல்வி காட்டினால்தான் பெயர் ஏட்டில் நிற்கும். ஒருமுறை படித்தது ஆயுளுக்கும் போதும் என்ற எண்ணம் அங்கே இல்லை. இருட்டறையில் தொடங்கி மூன்று தலைமுறைக் கருவிகளைப் பார்த்துவிட்ட எங்களுக்கு இது நியாயமாகவே படுகிறது.

பதிவு என்றால் ஊதிய உயர்வு என்று எங்கள் இளையவர்கள் எண்ணுகிறார்கள். அதுவும் வரட்டும். எங்களுக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. பெயர் ஏட்டில் இருந்தால் அந்தப் பெயரை நீக்கவும் முடியும். அதாவது, நாங்கள் நோயாளிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம். அதே ஏட்டின் பலத்தில், வில்லையை இழுப்பறையில் பூட்டும் முதலாளியிடம், "இது என் உரிமத்தைப் பாதிக்கும், நான் இப்படி வேலை செய்ய முடியாது" என்று சொல்லவும் வாய்க்கிறது. தாராபுரத்தாளுக்கு அன்று சொல்லக் கிடைக்காத வாக்கியம் அது. அவள் இப்போது வேறொரு மருத்துவமனையில் மூத்த தொழில்நுட்பர். புதிதாகச் சேரும் பெண்களின் சட்டையில் வில்லை இருக்கிறதா என்பதைத்தான் காலையில் முதலில் பார்க்கிறாள். அன்று வயிற்றிலிருந்த பிள்ளை இன்று மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறது.

கதிரியலுக்கென்று வேறொரு பதிவேடும் உலகில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், புனித ஜார்ஜ் மருத்துவமனைத் தோட்டத்தில், 1936-இல் ஒரு கல் நாட்டினார்கள். இந்தக் கதிரோடு வேலை செய்து இந்தக் கதிராலேயே இறந்தவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. திறக்கும்போதே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், செவிலியர்கள் ஆகியோரோடு எங்களைப் போன்ற உதவியாளர்களும் அதில் உண்டு. ஆபத்து என்னவென்று தெரியாத காலத்தில், கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கத் தம் கையையே கதிரின் முன் நீட்டியவர்கள் அவர்கள். எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் இரு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். எத்தனை கதிர் போதும், எத்தனை அதிகம் என்று நாங்கள் இன்று பாடமாகப் படிக்கும் எண்கள் அவர்கள் உடம்பிலிருந்து பெறப்பட்டவை.

அந்தக் கல்லில் இனி யார் பெயரும் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏடு. இவ்வாண்டு நவம்பர் 8 அன்று நாங்கள் வழக்கம்போல் தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வோம். பதிவு விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள்கள் வேண்டும், எந்தக் கையொப்பம் விடுபட்டிருக்கிறது என்ற பேச்சே அதிகம் இருக்கும். காங்கேயத்தான் இப்போதே ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறான்: மதிப்பெண் பட்டியல், பயிற்சிச் சான்று, புகைப்படம் இரண்டு, காலாண்டுக் கதிர் அளவு அறிக்கைகள். கடைசியில் சொன்னதை விண்ணப்பம் கேட்கிறதோ இல்லையோ, எல்லோரும் எடுத்து வைத்திருங்கள் என்று அடிக்கோடிட்டிருக்கிறான்.